பியூரிட்டன்களும் புத்தகமும்

அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டில் லாகூர் மாநாட்டுக்கென எழுதி, மாநாடே நிறுத்தப்பட்டமையால் பேசப்படாமற் போய், பின்னர் அவராலேயே நூலாக வெளியிடப்பட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் ஓரிடம் உண்டு. அரசியல் விடுதலைக்கு முன்னால் சமூக, சமயச் சீர்திருத்தம் நடந்தாக வேண்டும் என்பதற்கு அவர் வரலாற்றிலிருந்து சான்றுகளை அடுக்குகிறார். லூதரைச் சொல்கிறார், நபிகள் நாயகத்தைச் சொல்கிறார், புத்தரையும் சந்திரகுப்தரையும், குரு நானக்கையும் சீக்கியரையும் சொல்கிறார். அவற்றினிடையே, இங்கிலாந்தில் அரசியல் உரிமை நிலைபெற வழி செய்ததும், புதிய உலகை நிறுவியதும், அமெரிக்க விடுதலைப் போரில் வென்றதும் பியூரிட்டன் இயக்கமே என்றும், அதுவும் ஒரு சமய இயக்கமே என்றும் இரண்டு மூன்று வரிகளில் கூறிச் செல்கிறார்.

அவ்வரிகளை நானும் பன்முறை படித்துக் கடந்து சென்றவனே. மாலை வகுப்பில் மாணவன் ஒருவன், “பியூரிட்டன் என்போர் யார், ஐயா?” என்று கேட்டபோதுதான், எனக்கும் அது சரிவரத் தெரியாது என்பது தெரிந்தது. அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. அக்கடனைத் தீர்க்கும் முயற்சியாகவே இதனை எழுதுகிறேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். பியூரிட்டன் என்னும் சொல்லைத் ‘தூய்மையர்’ என்று தமிழாக்கலாம், ஆக்கியோரும் உண்டு. ஆனால் தூய்மை என்னும் சொல் நம் செவியில் விழும்போது வேறோர் ஒலியும் உடன் எழுகிறது. கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் நம் பாட்டன்மாரைத் தடுத்து நிறுத்திய சொல் அது. ஆதலின் ஒன்றை முதலிலேயே தெளிவு செய்துகொள்ள வேண்டும். 1560களில் இங்கிலாந்தில் தோன்றிய இப்பெயர் அவர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டதன்று. எதிரிகள் எள்ளி நகையாடிச் சூட்டியது. அவர்கள் தூய்மை செய்ய விரும்பியது திருச்சபையை. எட்டாம் ஹென்றி மன்னர் 1534இல் உரோமைத் திருத்தந்தையின் தலைமையை நீக்கிவிட்டு, ஆங்கிலத் திருச்சபைக்குத் தாமே தலைவரானார். தலை மாறிற்றே தவிர உடல் மாறவில்லை. பேராயர்களின் அதிகார அடுக்கும், குருமாரின் அலங்கார அங்கிகளும், சடங்குகளும் பெரும்பாலும் இருந்தபடியே இருந்தன. வேதநூலில் ஆதாரம் இல்லாத எதுவும் வழிபாட்டில் இருத்தலாகாது என்று சிலர் எழுந்தனர். அவர்களே பியூரிட்டன்கள் எனப்பட்டனர்.

பிறப்பினால் வரும் தூய்மை, தொடுதலால் வரும் தீட்டு என்பன அவர்கள் கொள்கையில் இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. ஜெனீவா நகரத்துச் சீர்திருத்தக்காரர் கால்வினிடமிருந்து அவர்கள் பெற்ற கோட்பாட்டின்படி, மீட்புப் பெறுவோர் யாவர் என்பதை இறைவன் முன்னரே தேர்ந்து வைத்துவிட்டான். அதனை மாற்ற மன்னனாலும் ஆகாது, குருவாலும் ஆகாது. அரசன் நரகம் புகலாம். செருப்புத் தைப்பவன் இறைவனால் தேர்ந்தெடுக்கப்பட்டவனாக இருக்கலாம். இக்கோட்பாட்டின் ஒரு முனை அரசரையும் பேராயரையும் குத்திற்று. மறுமுனை யாரைக் குத்திற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

தேர்ந்தெடுக்கப்பட்டவன் யார் என்பதற்குக் குரு சான்றுரைக்க இயலாது என்றால், ஒவ்வொருவனும் தானே வேதநூலைப் படித்துத் தன் உள்ளத்தைத் தானே ஆராய்தல் வேண்டும். படிக்க வேண்டுமானால் எழுத்தறிய வேண்டும். இவ்வெளிய கருத்தில்தான் பியூரிட்டன் இயக்கத்தின் வரலாற்று ஆற்றல் முழுவதும் அடங்கியிருந்தது.

அன்றைய இங்கிலாந்தில் அஃது எத்தகைய துணிவு என்பதை உணர ஒரு சட்டத்தை அறிதல் வேண்டும். வேதநூலை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டிண்டேல் 1536இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். அவர் மொழிபெயர்ப்பின் பெரும்பகுதி விரைவிலேயே அரசின் இசைவோடு வெளிவந்த நூல்களில் இடம்பெற்றது. ஆனால் 1543இல் ஆங்கில நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. பிரபுக்கள் தம் இல்லத்தில் வேதநூலைப் படிக்கலாம். வணிகர் தனியே படிக்கலாம். உயர்குடிப் பெண்டிர் தமக்குள் படித்துக்கொள்ளலாம். மற்றப் பெண்களும், கைவினைஞரும், தொழில் பழகுநரும், கூலியாட்களும், பணியாளரும், உழவரும் ஆங்கில வேதநூலைப் படிக்கலாகாது. வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்ன கௌதம தரும சூத்திரத்தை அறிந்த நமக்கு இச்சட்டம் புதுமையாகத் தோன்றாது. வேறுபாடு ஒன்றே: அச்சட்டம் 1547இல் நீக்கப்பட்டது.

அது நடப்பில் இருந்த காலத்தில், 1546இல், செயின்ட்பரிக் குன்றில் ஆடு மேய்த்த இராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் 14 பென்சு விலையுள்ள வேறொரு நூலை வாங்கினார். அதன் ஏட்டில் அவர் தம் கையால் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். இடையர் படிக்கலாகாது என்று வேதநூல் தடுக்கப்பட்ட நாளில் இந்நூலை வாங்கினேன் என்றும், இக்குருட்டுத்தனத்தை இறைவன் திருத்துவானாக என்றும் அக்குறிப்புச் சொல்கிறது. அந்நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிய பெரிய சமய வாதங்களையெல்லாம்விட இந்த இடையரின் நாலு வரியே எனக்குப் பெரிதாகப்படுகிறது.

1560இல் ஜெனீவாவில் நாடு கடந்து வாழ்ந்த ஆங்கிலேயர் ஒரு வேதநூற் பதிப்பை வெளியிட்டனர். கையில் எடுத்துச் செல்லத்தக்க அளவு, வசனங்களுக்கு எண், ஓரங்களில் விளக்கக் குறிப்பு. பியூரிட்டன் குடும்பங்களின் நூல் இதுவே. கொடுங்கோல் மன்னரின் கட்டளைக்குப் பணியாமை தகும் என்ற பொருள்பட அமைந்த ஓரக்குறிப்புகள் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்குக் கசந்தன. 1604இல் ஹாம்ப்டன் மாளிகையில் பியூரிட்டன்களோடு அவர் நடத்திய கலந்துரையாடலின் விளைவாகவே, அத்தகைய குறிப்புகள் இல்லாத புதிய மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடாகி, அது 1611இல் வெளிவந்தது. பேராயர் இல்லையேல் மன்னனும் இல்லை என்று அவர் கருதினார். அவர் அஞ்சியது அவர் மகன் காலத்தில் அப்படியே நடந்தது.

மகன் முதலாம் சார்லசுக்கும் நாடாளுமன்றத்துக்கும் 1642இல் மூண்ட போரின் காரணங்கள் பல. வரி, அதிகாரம், நிலவுடைமை எல்லாம் அதில் உண்டு. அவற்றை ஈண்டு விரிப்பதற்கில்லை. நாம் பார்க்க வேண்டியது அப்போரில் எழுந்த புதிய படையை. 1645இல் அமைந்த அப்படையில், குலத்தைப் பாராது திறமையைப் பார்த்தே பலர் அலுவலராயினர். வீரர்கள் வேதநூல் படித்தனர். தாமே உபதேசம் செய்தனர். துண்டு நூல்களைக் கைமாற்றிக்கொண்டனர். மன்னர் தோற்ற பின், 1647 அக்டோபர் இறுதியில், இலண்டனை அடுத்த பட்னி என்னும் ஊரின் தேவாலயத்தில் அப்படையின் அலுவலரும் வீரரின் பிரதிநிதிகளும் கூடி, நாடு இனி எப்படி ஆளப்பட வேண்டும் என்று விவாதித்தனர். உழவனும் தொழிலாளியும் படைத்தலைவனோடு ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஓட்டுரிமை பற்றி வாதிட்டது அக்கால உலகில் காண்பதற்கு அரிய காட்சி.

படைத்தளபதி தாமஸ் ரெயின்ஸ்பரோ அங்கு எழுந்து, இங்கிலாந்தின் மிக வறியவனும் மிகப் பெரியவனைப் போலவே வாழப் பிறந்தவன் என்றும், தன் இசைவின்றி அமைந்த அரசுக்கு ஒருவன் கட்டுப்பட்டவன் அல்லன் என்றும் வாதிட்டார். கிராம்வெல்லின் மருமகனான அயர்ட்டன் மறுத்தார். நாட்டில் நிலையான உடைமை இல்லாதவனுக்கு நாட்டின் ஆட்சியில் பங்கு எப்படி உண்டாகும்? வறியோர் அனைவருக்கும் ஓட்டுக் கொடுத்தால் அவர்கள் உடைமையையே ஒழித்துவிட மாட்டார்களா? இருவரும் பியூரிட்டன்கள், இருவரும் ஒரே நூலைப் படித்தவர்கள். போரில் உயிரைக் கொடுத்த வீரர்களோ, நாட்டில் எமக்கு உரிமையே இல்லையென்றால் நாங்கள் வெறும் கூலிப்படையா என்று கேட்டனர். அக்கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. சமத்துவர் எனப்பட்ட அவ்வணியினரிலும் சிலர், பணியாளருக்கும் பிச்சையெடுப்போருக்கும் ஓட்டு வேண்டியதில்லை என்று விட்டுக்கொடுத்தனர். பெண்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்பேச்சுகளைக் குறித்து வைத்த வில்லியம் கிளார்க்கின் ஏடுகள் ஆக்ஸ்போர்டுக் கல்லூரி ஒன்றில் கிடந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அச்சேறின. பிரிட்டனில் வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் ஓட்டுரிமை 1918இல் வந்தது. பட்னி விவாதத்துக்கு 271 ஆண்டுகள் கழித்து. பெண்களுக்குச் சமமான ஓட்டுரிமை வர மேலும் 10 ஆண்டுகள் ஆயின.

1649 சனவரி 30ஆம் நாள் மன்னர் சார்லஸ் வெளிப்படையான விசாரணைக்குப் பின் தலை வெட்டப்பட்டார். மன்னனும் சட்டத்துக்கு உட்பட்டவனே என்பதை ஐரோப்பா கண்ணாரக் கண்டது. அதே ஆண்டு ஏப்ரலில், சர்ரேயிலுள்ள செயின்ட் ஜார்ஜ் குன்றில் ஜெரார்டு வின்ஸ்டன்லி என்பவரும் ஏழைகள் சிலரும் தரிசு நிலத்தைக் கொத்திப் பயிரிடத் தொடங்கினர். நிலம் எல்லார்க்கும் பொதுவான கருவூலம் என்பது அவர் கொள்கை. அக்கம்பக்கத்து நிலக்கிழார்கள் அவர்களை அடித்து விரட்டினர். மே மாதத்தில், கிளர்ச்சி செய்த சமத்துவர் வீரர் மூவர் பர்போர்டு தேவாலயத்தின் சுவரருகே சுட்டுக் கொல்லப்பட்டனர். கொல்லச் செய்தவர் கிராம்வெல். செப்டம்பரில் அயர்லாந்தின் டிரோகெடா நகரில் அவர் படை புரிந்த படுகொலையை அயர்லாந்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. ஓராண்டுக்குள் இத்தனையும் நடந்தன. பியூரிட்டன் புரட்சி அரசனை வீழ்த்திற்று. ஆனால் நிலவுடைமையைத் தொட அனுமதிக்கவில்லை.

அவர்களுடைய ஆட்சியின் பிற செயல்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1642இல் நாடக அரங்குகள் மூடப்பட்டன. 1647இல் கிறிஸ்துமஸ் உள்ளிட்ட திருநாட்கள் விலக்கப்பட்டன. ஊர்விழாக் கம்பங்கள் வெட்டப்பட்டன. பிறன்மனை நயத்தலுக்கு 1650இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஏழை மக்களின் ஆட்டமும் பாட்டும் இவர்களுக்குப் பாவமாகத் தெரிந்தன. உழைப்பையும் சிக்கனத்தையும் இறைவழிபாடாகவே கருதிய இவர்தம் மனப்பான்மை பிற்கால முதலாளியத்துக்கு ஊட்டமளித்தது என்று ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வேபர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் எழுதினார். அக்கருத்துப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. உழைப்பவனைப் போற்றிய அதே மனம், வேலை கிடைக்காத ஏழையைச் சோம்பேறி என்று வெறுக்கவும் கற்றுக்கொண்டது என்பது மட்டும் உறுதி.

இலக்கியத்துக்கு வருவோம். பியூரிட்டன் இலக்கியம் என்றதும் ஜான் மில்ட்டனைச் சொல்வது மரபு. நூல்களை அச்சிடுமுன் அரசின் இசைவு பெற வேண்டும் என்ற 1643ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்து அவர் 1644இல் எழுதிய ‘அரியோபாஜிட்டிகா’ கருத்துரிமைக்கான பெரும் வாதம். பின்னர்ப் புரட்சி அரசில் அலுவலரான அவரே ஒரு செய்தியிதழுக்குத் தணிக்கை இசைவு வழங்கும் பணியையும் செய்தார் என்பது வரலாற்றின் குறும்பு. கண்ணிழந்து, மன்னராட்சி திரும்பி, தோழர்கள் கொல்லப்பட்ட காலத்தில் அவர் வாயால் சொல்லிப் பிறரை எழுதச் செய்த ‘இழந்த சொர்க்கம்’ 1667இல் வெளிவந்தது. அது புலவர்களின் காவியம்.

நம் இளைஞர்கள் அறிய வேண்டியவர் மற்றொருவர். ஜான் பனியன் 1628இல் பெட்போர்டை அடுத்த எல்ஸ்டோவில் பிறந்தார். தந்தை ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலாளி. மகனும் அத்தொழிலே செய்தார். ஊர் ஊராகச் சென்று ஓட்டை அடைப்பவர்கள் இங்கிலாந்தில் மிக இழிவாக எண்ணப்பட்டவர்கள். சிறு வயதில் சிறிதே படித்து, நாடாளுமன்றப் படையில் பணிபுரிந்து, பின்னர் ஊர்மக்களுக்கு உபதேசம் செய்யலானார். 1660இல் இரண்டாம் சார்லஸ் ஆட்சிக்கு வந்ததும், இசைவின்றி உபதேசித்த குற்றத்துக்காகச் சிறையிடப்பட்டார். இனி உபதேசிப்பதில்லை என்று ஒரு சொல் சொன்னால் விடுதலை. அவர் சொல்லவில்லை. 12 ஆண்டுகள் பெட்போர்டுச் சிறையில் கழிந்தன. காலணிக்குரிய நாடாக்களைச் செய்து விற்று, பார்வையற்ற மகள் உள்ளிட்ட குடும்பத்துக்கு அனுப்பினார்.

1661இல் அவர் மனைவி எலிசபெத் நீதிபதிகளின் முன் சென்று கணவருக்காக வழக்காடினார். முதற்பேறு இறந்து பிறந்த துயரத்தைத் தாங்கி வந்த இளம்பெண் அவர். ஒரு நீதிபதி இரங்கினார், மற்றவர்கள் சீறினர். தம் கணவர் ஓட்டை அடைப்பவர், ஏழை என்பதாலேயே இகழப்படுகிறார், நீதி பெற முடியாதிருக்கிறார் என்று அவர்களின் முகத்துக்கு நேராகவே எலிசபெத் சொன்னார். நீதிமன்றத் திண்ணைகளில் காத்துக் கிடந்து பழகிய நம் குடும்பத்துப் பெண்கள் இதைக் கேட்டால், இந்த அம்மாள் எந்த ஊர் என்று கேட்பார்கள்.

பனியனின் ‘மோட்சப் பயணம்’ 1678இல் வெளிவந்தது. முதுகில் பெருஞ்சுமையோடு, கையில் ஒரு புத்தகத்தோடு, கந்தலணிந்த ஒருவன் வான நகர் நோக்கி நடப்பதே கதை. வழியில் அவனைத் தடுப்போர் பெரும்பாலும் பிரபுக்களும் செல்வரும் வாய்ச்சொல் வீரருமாக இருப்பது கவனிக்கத்தக்கது. குடிசைவாசியும் படிக்கத்தக்க எளிய உரைநடை. உலக மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்ட இந்நூல் தமிழுக்கும் வந்தது. ‘கிறித்தவக் கம்பர்’ எனப் புகழப்பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இதனைத் தழுவி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியத்தை வெளியிட்டார். கவிச்சுவை மிக்க நூல், ஐயமில்லை. எனினும் ஓட்டை அடைப்பவர் குடிசைக்கென எழுதிய கதை, நம் நாட்டில் புலவரிடம் பாடம் கேட்டாலன்றி விளங்காத விருத்தப்பாவில் ஏறி அமர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்காமல் இருக்க இயலவில்லை.

இனி அட்லாண்டிக் கடலைக் கடந்து செல்வோம். திருச்சபையிலிருந்து அறவே பிரிந்த சிறு கூட்டத்தினர் 1620இல் ‘மேபிளவர்’ கப்பலில் 102 பயணிகளாகச் சென்று பிளிமத்தில் குடியேறினர். முதற் குளிர்காலத்திலேயே ஏறத்தாழப் பாதிப்பேர் மடிந்தனர். 1630இல் ஜான் வின்த்ரோப் தலைமையில் பெருந்திரளாகப் பியூரிட்டன்கள் மாசச்சூசெட்சு சென்றனர். அடுத்த 10 ஆண்டுகளில் நியூ இங்கிலாந்துக்குச் சென்றோர் சுமார் 20,000 பேர்.

அவர்கள் அங்கு செய்தவற்றுள் கல்விச் சங்கத்தார் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியவை உண்டு. காடு திருத்தி வீடு கட்டி ஏறத்தாழ 6 ஆண்டுகளே ஆகியிருந்த 1636இல் ஒரு கல்லூரிக்கென 400 பவுன் ஒதுக்கினர். இரண்டு ஆண்டு கழித்து இறந்த ஜான் ஹார்வர்டு என்னும் இளம் குரு தம் சொத்தில் பாதியையும் ஏறத்தாழ 400 நூல்களையும் அதற்கு விட்டுச் சென்றார்; கல்லூரி அவர் பெயரைப் பெற்றது. விரைவில் அச்சகமும் வந்தது. 1642இல் ஒரு சட்டம்: பெற்றோரும் முதலாளிமாரும் தம் பிள்ளைகளும் தம்மிடம் தொழில் பழகுவோரும் எழுத்தறியுமாறு செய்ய வேண்டும், செய்யாவிடில் தண்டம். 1647இல் மற்றொரு சட்டம்: 50 குடும்பம் உள்ள ஊர் எழுதப் படிக்கக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை அமர்த்த வேண்டும், 100 குடும்பம் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி வைக்க வேண்டும். வேதநூலை அறியவொட்டாமல் மனிதரை இருளில் வைப்பது சாத்தானின் பழைய சூழ்ச்சி என்பதே அச்சட்டத்தின் முகவுரை கூறும் காரணம். 104 ஆண்டுகளுக்கு முன் தாய்நாட்டில் தொழில் பழகுநன் படிப்பது குற்றம். இங்கு அவனைப் படிக்க வைக்காதிருப்பது குற்றம்.

ஆனால் படித்தவர்கள் சிந்திக்கவும் செய்தனர். அங்குதான் கோட்பாட்டின் மறுமுனை வெளிப்பட்டது. 1631 முதல் மாசச்சூசெட்சில் சபையின் உறுப்பினருக்கே ஓட்டு. உறுப்பினராவதற்கு இறையருள் தம்முள் செயற்பட்டதைச் சபையின் முன் மெய்ப்பிக்க வேண்டும் என்பது விரைவில் வழக்கமாயிற்று. தூயோர் என்று காணப்பட்டோர் உள்ளே; மற்றையோர் வெளியே. மனச்சாட்சியின்மீது அரசுக்கு அதிகாரம் இல்லை என்றும், பழங்குடியினரின் நிலத்தைத் தானமளிக்க ஆங்கில மன்னர் யார் என்றும் கேட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1635இல் நாடுகடத்தப்பட்டார். பனிக்காலத்தில் காட்டு வழியே சென்று பிராவிடன்ஸ் என்னும் ஊரை நிறுவினார். தம் வீட்டில் பெண்களைக் கூட்டி உபதேசங்களை ஆராய்ந்த ஆன் ஹட்சின்சன் 1637இல் விசாரிக்கப்பட்டு விரட்டப்பட்டார். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த மேரி டையர் 1660இல் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார். துன்புறுத்தலுக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் தாமே தூக்குமரம் நட 30 ஆண்டுகளே போதுமாயிருந்தன. 1692இல் சேலத்தில் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்ட கதையை அனைவரும் அறிவர். முதலில் குற்றம் சாட்டப்பட்ட மூவருள் டிட்யூபா என்னும் அடிமைப் பெண்ணும், பிச்சையெடுத்து வாழ்ந்த ஒரு பெண்ணும் அடங்குவர் என்பது மட்டும் அத்துணை பேசப்படுவதில்லை. தீர்ப்பளித்தோருள் ஒருவரான சாமுவேல் சீவல் 1697இல் சபையில் எழுந்து நின்று தம் பழியை ஏற்றார். 1700இல் அடிமை வணிகத்தை எதிர்த்து ஒரு சிறு நூலும் எழுதினார். மற்றொரு நீதிபதியான ஹாத்தோர்னின் வழியில் வந்த நதானியேல் ஹாத்தோர்ன் 1850இல் எழுதிய ‘செந்நிற எழுத்து’ புதினம், தூயோர் என்று தம்மை எண்ணிய ஊரார் ஒரு பெண்ணின் மார்பில் அவமானச் சின்னம் தைத்ததைப் பொருளாகக் கொண்டது.

அடிமை முறைக்கும் அவர்கள் விலக்கானவர்கள் அல்லர். 1641இல் இயற்றிய உரிமைச் சட்டத் தொகுப்பே, போரில் பிடிபட்டோரையும் விற்கப்பட்ட அயலாரையும் அடிமையாக வைத்துக்கொள்ள இடமளித்தது. 1637இல் மிஸ்டிக் என்னுமிடத்தில் பீக்வாட் பழங்குடியினரின் ஊரைச் சுற்றி வளைத்துத் தீயிட்டு, பெண்டு பிள்ளைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரைக் கொன்றனர். எஞ்சியோரிற் பலரை விற்றனர். அமெரிக்க விடுதலைப் போரில் பியூரிட்டன் இயக்கமே வென்றது என்ற அண்ணலின் கூற்றையும் சற்று விரித்தே பொருள் கொள்ள வேண்டும். 1775இல் முதற் குண்டு வெடித்த மாசச்சூசெட்சு, பியூரிட்டன் மரபில் ஊர்க்கூட்டங்களில் பேசிப் பழகிய மண். வாஷிங்டனும் ஜெபர்சனும் பிறந்த வர்ஜீனியாவோ வேறு மரபைச் சேர்ந்தது. இரு மண்ணிலும் அடிமைகள் இருந்தனர்.

இவ்வளவையும் படித்த பின் என் மனத்தில் நிலைத்திருப்பவர்கள் வின்த்ரோப்போ கிராம்வெல்லோ அல்லர். அவர்களிடம் எழுத்துக் கற்ற பழங்குடியினர் சிலர். ஜான் எலியட் என்னும் பியூரிட்டன் குரு, வாம்பனோக் முதலியோர் பேசிய மாசச்சூசெட் மொழியைக் கற்று வேதநூலை அதில் பெயர்த்தார். 1663இல் அச்சான அதுவே அமெரிக்கக் கண்டத்தில் முழுமையாக அச்சேறிய முதல் வேதநூல். அதற்கு எழுத்துக் கோத்தவர்களுள் ஒருவர் நிப்மக் குலத்து இளைஞர். வாவாஸ் என்பது அவர் இயற்பெயர். தொழிலே பெயராகி ‘ஜேம்ஸ் பிரிண்டர்’ என்று அழைக்கப்பட்டார். ஹார்வர்டின் 1650ஆம் ஆண்டுச் சாசனம் ஆங்கிலேய இளைஞருக்கும் பழங்குடி இளைஞருக்கும் கல்வி தருவதைக் குறிக்கோளாகக் கூறிற்று. சில ஆண்டுகளில் பழங்குடி மாணவருக்கெனச் செங்கல்லாலான ஒரு விடுதியும் எழுந்தது. அங்குப் பயின்றவர் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவர். வாம்பனோக் குலத்துக் கேலப் சீஷாட்டோமக் இலத்தீனும் கிரேக்கமும் கற்று 1665இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே நோயால் இறந்தார். உடன் படித்த ஜோயல் அயாகூம்ஸ் பட்டமளிப்புக்குச் சில நாள் முன்னர் கப்பல் விபத்தை அடுத்து உயிரிழந்தார். 1698இல் அவ்விடுதி இடிக்கப்பட்டு, அதன் செங்கற்கள் வேறு கட்டடத்துக்குப் பயன்பட்டன.

1675இல் பழங்குடித் தலைவர் மெட்டாகாமுக்கும் குடியேறியோருக்கும் போர் மூண்டது. கிறித்தவராகி, எழுத்தறிந்து, ஆங்கிலேயரை நம்பி வாழ்ந்த பழங்குடியினர் நூற்றுக்கணக்கில் பாஸ்டன் துறைமுகத்துத் தீவு ஒன்றில் அடைக்கப்பட்டனர். பலர் பசியாலும் குளிராலும் மாண்டனர். படித்துவிட்டால் மதிப்பார்கள், நம்மைப் போலவே நடை உடை பூண்டால் ஏற்பார்கள் என்ற நம்பிக்கைக்கு அங்குக் கிடைத்த விடை அது. மெட்டாகாமின் சிறு மகனைக் கொல்வதா, விற்பதா என்று குருமார் வேதநூலைப் புரட்டி ஆராய்ந்தனர், இறுதியில் விற்றனர். கைதிகளை அடிமைகளாக விற்பதை எலியட் எதிர்த்து விண்ணப்பித்தார், பயனில்லை. ஜேம்ஸ் பிரிண்டர் போரின்போது தம் மக்களின் பக்கம் இருந்து, ஆங்கிலேயருக்கு அவர்களின் கடிதத்தை எழுதினார். போர் முடிந்ததும் மன்னிப்புப் பெற்று அச்சகம் திரும்பினார். வேதநூற் படிகள் பெரும்பாலும் போரில் அழிந்துவிட்டமையால் 1685இல் இரண்டாம் பதிப்பு வந்தது. பிழையறிந்து எழுத்துக் கோக்க அந்த ஒருவரைத் தவிர வேறு ஆள் இல்லை என்று எலியட்டே எழுதியுள்ளார்.

எழுத்து ஒருவர் கைக்கு வந்துவிட்டால் பிறகு கொடுத்தவர் சொற்படி அது நடப்பதில்லை. வாம்பனோக் மக்கள் வேதநூலைப் படிக்கக் கற்ற எழுத்தைக் கொண்டு, தம் மொழியில் நிலப்பத்திரங்கள் எழுதினர், உயில் எழுதினர், தம் நிலத்தைக் குடியேறியோர் பறிப்பதை முறையிட்டு விண்ணப்பங்கள் எழுதினர். காலப்போக்கில் மக்கள் குறைந்தனர். 19ஆம் நூற்றாண்டில் மொழி பேச்சிலிருந்து மறைந்தது. ஏடுகள் எஞ்சின.

ஜோயல் அயாகூம்சுக்குரிய பட்டத்தை ஹார்வர்டு 2011இல், அவர் இறந்து 346 ஆண்டுகள் கழித்து வழங்கிற்று. அதற்கு முன்னரே, 1993இல், வாம்பனோக் பெண்மணியாகிய ஜெசி லிட்டில் டோ பேர்டு, பேசுவார் இல்லாது போன தம் முன்னோர் மொழியை மீட்கும் பணியைத் தொடங்கியிருந்தார். அதற்காகவே மொழியியல் கற்றுப் பட்டமும் பெற்றார். எலியட்டின் வேதநூலிலிருந்தும், தம் முன்னோர் எழுதிவைத்த பத்திரங்கள், உயில்கள், விண்ணப்பங்களிலிருந்தும் சொல் சொல்லாக எடுத்து இலக்கணமும் அகராதியும் அமைத்தார். அவருடைய மகளே நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்த முதற் குழந்தை.